விலை சொல்வதும் சொல்லாததும்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



படப்பை, மணிமங்கலம், ஒரத்தூர், சாலமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் விலையில் வந்துதான் நிற்கும். நெல் விலை, தக்காளி விலை, உர விலை, ஆள் கூலி, கடைசியாக மனை விலை. பொருளாதாரம் என்று பெரிய பெயர் வைத்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பதும் பெரும்பாலும் இதைத்தான். ஆகவே நம் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்குப் பொருளாதார அறிஞர்கள் என்ன விடை சொல்கிறார்கள், அந்த விடை நமக்கு எந்த மட்டுக்கும் உதவும் என்று பார்ப்போம்.

நல்லா வெளைஞ்சா வெலை வுழுந்துடுதே, இது என்ன நியாயம்?

முதல் கேள்வி இது. இது இன்று நேற்றுக் கேள்வி அல்ல. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரிகரி கிங் என்பவர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அதை சார்லஸ் டேவனன்ட் என்பவர் 1699இல் அச்சிட்டார். தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் விலை பத்தில் எட்டுப் பங்கு ஏறும் என்பது அந்தக் கணக்கு.

இதை நம் ஊர்க் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 மூட்டை விளைகிறது, மூட்டை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு மொத்தம் ஒரு லட்ச ரூபாய் வருகிறது. மறு வருஷம் 90 மூட்டைதான் விளைகிறது, விலை 1,300 ஆகிறது. ஊருக்கு 1,17,000 ரூபாய்! குறைவாக விளைந்தும் வரவு கூடிவிட்டது. இதையே திருப்பிப் பாருங்கள். நன்றாக மழை பெய்து 110 மூட்டை விளைந்து, விலை 800க்கு இறங்கினால், வருவது 88,000 ரூபாய்தான். வேலை அதிகம், அறுப்புக் கூலி அதிகம், வண்டிச் சத்தம் அதிகம், வரவு மட்டும் குறைவு.

காரணம் சிக்கலானது இல்லை. வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. அரிசி விலை பாதியாகிவிட்டது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சோறு தின்னப் போவதில்லை. ஆகவே மிஞ்சி வரும் மூட்டையை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்த மிஞ்சிய மூட்டைக்குக் கிடைக்கும் விலைதான் எல்லா மூட்டைக்கும் விலையாகிவிடுகிறது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. விலை என்பது நம் உழைப்புக்குக் கொடுக்கிற கூலி அல்ல. நீங்கள் எத்தனை நாள் தண்ணீர் பாய்ச்சினீர்கள், எத்தனை கட்டு நாற்று வாங்கினீர்கள் என்று விலைக்குத் தெரியாது. வாங்குகிறவர் அடுத்த மூட்டைக்கு என்ன கொடுப்பார் என்பது மட்டுந்தான் அதற்குத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற நான்கு கேள்விகளும் எளிதாகிவிடும்.

போன தடவை வெலை இருந்ததுன்னுதானே தக்காளி போட்டேன்?

இரண்டாவது கேள்வி இது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் விலை படுத்துவிட்டது. இடையில் என்ன நடந்தது? விலையைப் பார்த்த எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்று விட்டார்கள். எல்லார் தக்காளியும் ஒரே நேரத்தில் பழுத்தது.

நிக்கோலஸ் கால்டார் 1934இல் இதற்குச் 'சிலந்திவலை' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் மார்டிகாய் எசிகியல் 1938இல் இதை விரிவாக எழுதினார். விலையையும் விளைச்சலையும் தாளில் கோடு போட்டுக் காட்டினால், ஏறி இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்து சிலந்தி வலை மாதிரியே இருக்கும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறோம். விற்பதோ மூன்று மாதம் கழித்து வரும் விலைக்கு. இந்த இடைவெளிதான் வலை.

அப்படியானால் என்ன பயிர் வைப்பது? இதற்கு ஜெர்மனியில் ஃபான் தூனன் என்பவர் 1826இல் எழுதிய நூலில் ஒரு விடை இருக்கிறது. அவர் வெறும் படிப்பாளி இல்லை, சொந்தப் பண்ணை வைத்துக் கணக்கெழுதியவர். பெரிய பட்டணத்துக்குப் பக்கத்தில் பாலும் காய்கறியும் விளையும், தூரத்தில் தானியம் விளையும், அதற்கும் அப்பால் மாடு மேயும் என்றார். கெட்டுப்போகிற சரக்குத் தூரம் தாங்காது என்பதே காரணம்.

நம் படப்பை தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தக்காளியை மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரியில் கோயம்பேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அவர்களோடு தக்காளியில் போட்டி போடுவது சிரமம். ஆனால் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் விடிகாலையில் பிடுங்கினால் மத்தியானத்துக்குள் வாடுகிற சரக்கு. அதை அத்தனை தூரத்திலிருந்து யாரும் அனுப்ப முடியாது. பூவும் அப்படித்தான், கறந்த பாலும் அப்படித்தான். பட்டணம் பக்கத்தில் இருப்பதே நமக்கு ஒரு முதல். ஊரெல்லாம் ஒரே பயிர் வைக்கும்போது நாமும் அதையே வைப்பதற்கு முன், 'இது தூரத்திலிருந்து வரக்கூடிய சரக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லைப் பொறுத்தமட்டில் உடனே விற்காமல் வைத்திருக்க முடியும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டையைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். காய்கறியைக் கொண்டுபோய் நேரே விற்க உழவர் சந்தை இருக்கிறது. அது 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. இவை விலையை ஏற்றிவிடா. ஆனால் அறுத்த அன்றே, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடியைக் குறைக்கும்.

அரசாங்க விலையை யார் கணக்குப் போடுறாங்க?

மூன்றாவது கேள்வி. 1965ஆம் ஆண்டு சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தபோது இரண்டு அமைப்புகள் வந்தன. ஒன்று, விலையைப் பரிந்துரைக்கும் விவசாய விலைக் குழு. இதற்கு முதல் தலைவர் எம். எல். தந்த்வாலா என்ற பொருளாதார அறிஞர். 1985இல் இதற்கு விவசாயச் செலவு மற்றும் விலைகள் ஆணையம் என்று பெயர் மாறியது. மற்றது, கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகம். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் தொடங்கியது.

ஆணையம் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி, டிராக்டர் வாடகை என்று கையைவிட்டுப் போனது ஒரு கணக்கு. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி வைத்துச் சேர்ப்பது இரண்டாவது கணக்கு. அதற்கும் மேல், சொந்த நிலத்துக்குக் குத்தகை, சொந்த முதலுக்கு வட்டி என்று எல்லாம் சேர்ப்பது முழுக் கணக்கு. 2025-26 காரிப் பருவத்தில் நெல்லுக்கு இரண்டாவது கணக்கின்படி குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் செலவு என்று வைத்து, அதில் பாதியைக் கூட்டிச் சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய் அறிவித்தார்கள். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை சேர்த்து அதை 2,500 ரூபாயாக்கியது; சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய்.

எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை பணியாற்றிய தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் பாதியாவது கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றது. 'எந்தச் செலவுக்கு மேல்?' என்பதில்தான் வழக்கு. விவசாயச் சங்கங்கள் முழுக் கணக்கின் மேல் கேட்கின்றன. அரசு இரண்டாவது கணக்கின் மேல் கொடுக்கிறது.

இதில் நம் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த 1,579 என்பது இந்தியா முழுவதற்குமான சராசரி. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறந்தார்கள். அவற்றைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள், கிடங்குகள். வயலுக்கு வருகிற ஆள் அங்கேயும் போகலாம் என்றால், அங்கே கிடைப்பதை ஒட்டித்தான் வயலிலும் கூலி கேட்பார். கேட்பதில் தவறும் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் நாட்டுச் சராசரியில் நம் ஊர்க் கூலி கரைந்துபோய்விடுகிறது. 'போட்ட முதலே வரலீங்க' என்று படப்பை விவசாயி சொல்வதும், 'செலவுக்கு மேல் பாதி கொடுக்கிறோம்' என்று டில்லி சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இன்னொன்று. அறிவித்த விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு. சாந்தகுமார் குழு 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, நாட்டில் விவசாயிகளில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கொள்முதல் அமைப்புகளிடம் அரசு விலைக்கு விற்கிறார்கள் என்றது. நம் மாநிலத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. ஈரப்பதம் 17 சதவீதம் என்பது அங்கே விதி. சில வருஷங்களில் மழையை உத்தேசித்துத் தளர்த்துவதும் உண்டு. நெல்லை நன்றாகக் காயவைத்துத் தூற்றிக் கொண்டுபோனால்தான் அறிவித்த விலை நம் விலை. சொர்ணவாரி அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும் ஊர்களில், களமும் தார்ப்பாயும்கூட விலைக் கொள்கையில் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன்.

நெலத்தை வித்துட்டு வட்டியில உக்காந்து சாப்பிடலாமே?

நான்காவது கேள்வி. இதுதான் பல வீடுகளில் இன்று இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. இதில் இலேசாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. கணக்கை மட்டும் முன்னால் வைக்கிறேன்.

ஒரு ஏக்கர் நஞ்சையில் செலவு போக ஆண்டுக்கு 30,000 ரூபாய் மிஞ்சுகிறது, பாங்கியில் 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் வட்டி வர 5 லட்சம் போட வேண்டும். ஆகவே பயிர் செய்கிற நிலமாக அதன் மதிப்பு 5 லட்சம். ஆனால் தாம்பரத்திலிருந்து வருகிற தரகர் பேச்சுக்கு ஒரு கோடி என்கிறார். மீதி 95 லட்சம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து வரவில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலிருந்தும், ஒரகடத்திலிருந்தும், இன்னும் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலிருந்தும் வந்தது. டேவிட் ரிக்கார்டோ 1817இலேயே சொன்னார்: குத்தகை உயர்ந்ததால் தானிய விலை உயர்வதில்லை, தானிய விலை உயர்ந்ததால்தான் குத்தகை உயர்கிறது என்று. அதே மாதிரி, மனை விலை பத்து மடங்கு ஏறினாலும் உங்கள் நெல்லுக்கு ஒரு ரூபாய் கூட ஏறாது.

சரி, ஒரு கோடிக்கு 6 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம் வட்டி. 30,000 எங்கே, 6 லட்சம் எங்கே! விற்றுவிடலாம் என்றுதான் தோன்றும். இங்கே நிதானமாக நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, விலைவாசி. ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறினால், வட்டியை மட்டும் செலவழித்து அசலைத் தொடாமல் வைத்திருந்தாலும், 14, 15 ஆண்டில் அந்த ஒரு கோடி இன்றைய 50 லட்சத்தின் வேலையைத்தான் செய்யும். வட்டியில் பெரும்பகுதியைத் திரும்ப அசலில் சேர்த்தால்தான் அசல் தேயாமல் இருக்கும். அப்படிச் சேர்த்தால் கைக்கு மிஞ்சுவது ஒரு சதவீதம், அதாவது சுமார் ஒரு லட்சம். அதுவும் 30,000த்தைவிட அதிகந்தான். ஆனால் 6 லட்சம் இல்லை.

இரண்டாவது, திரும்பி வர முடியாத வழி. விற்காமல் வைத்திருந்தால் அடுத்த வருஷமும் விற்கலாம். விற்றுவிட்டால் அடுத்த வருஷம் வாங்க முடியாது. கென்னத் ஆரோ, அந்தோணி ஃபிஷர் என்ற இரண்டு அறிஞர்கள் 1974இல் இதைக் கணக்காகவே காட்டினார்கள். திரும்பப் பெற முடியாத முடிவைத் தள்ளிவைப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு என்பது அவர்கள் முடிவு. மகள் கல்யாணமோ, கந்துவட்டிக் கடனோ, மருத்துவச் செலவோ கழுத்தை நெரித்தால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் தேவைக்கு எத்தனை சென்ட் வேண்டுமோ அத்தனையை விற்பது ஒன்று. மொத்தத்தையும் எழுதிக் கொடுப்பது வேறு.

மூன்றாவது, யாருடைய பணம்? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்திருக்கின்றன. கையெழுத்துக்கு மட்டும் தங்கையைக் கூப்பிட்டுவிட்டுப் பணத்தைப் பங்கு போடும்போது மறந்துவிட்டால், மிச்சக் காலம் கோர்ட்டுக்கு நடக்க நேரும். வீட்டுப் பெண்களைக் கலந்துகொண்டு, பணம் யார் பெயரில் இருக்கப்போகிறது என்பதை முன்னாலேயே பேசி முடியுங்கள்.

நான்காவது, நிலம் விற்றால் காசு வருவது பட்டா வைத்திருப்பவருக்கு. அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதவருக்கும், நாற்று நட்டுக் களை பறித்த தாய்மார்களுக்கும் ஒரு காசு இல்லை. அவர்களுடைய பிழைப்பு மட்டும் போகிறது. விலை இவர்களைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

ஏரியை அரசாங்கந்தானே பாக்கணும், எனக்கென்ன?

ஐந்தாவது கேள்வி. மனை விலையிலிருந்து இதற்கு நேரே வழி இருக்கிறது. ஒருவர் வாய்க்காலைத் தூர்த்து மனை போடுகிறார். அவருக்கு லாபம். வாங்கியவருக்கு வீடு. நஷ்டம் யாருக்கு? ஆதனூர், மணிமங்கலம், படப்பை ஏரிகளின் தண்ணீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெருமழைதான் முதல் காரணம். ஆனால் தண்ணீர் தங்க இடமும் போக வழியும் குறைந்துபோனது அதோடு சேர்ந்துகொண்டது. மேலே ஒருவர் மனை விற்றபோது அந்தப் பத்திரத்தில் கீழே இருப்பவரின் நஷ்டம் எழுதப்படவில்லை. விற்றவரும் கொடுக்காத, வாங்கியவரும் கொடுக்காத இந்த மாதிரிச் செலவைப் பற்றி ஏ. சி. பிகு என்ற ஆங்கில அறிஞர் 1920இல் விளக்கி எழுதினார்.

பொதுச் சொத்தை மனிதர்கள் கெடுக்கத்தான் செய்வார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். அப்படி இல்லை, சேர்ந்து விதி வகுத்துக்கொண்ட ஊர்கள் காப்பாற்றியிருக்கின்றன என்று எலினார் ஆஸ்ட்ரம் உலகத்துப் பல ஊர்களின் நடைமுறையைக் கொண்டு காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொருளாதாரத்தில் அந்தப் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். ராபர்ட் வேட் என்பவர் ஆந்திரக் கிராமங்களைப் பார்த்து 1988இல் எழுதிய நூலில், வாய்க்காலின் கடைக்கோடி ஊர்களில்தான் ஜனங்கள் அதிகமாக ஒன்றுசேர்ந்து தண்ணீர்க்காரரை நியமித்துக்கொள்கிறார்கள் என்றார். தண்ணீர் வராமல் போகும் என்ற பயம் இருக்கிற இடத்தில்தான் கட்டுப்பாடும் வருகிறது.

இது நமக்குப் புதிது அல்ல. குடிமராமத்து என்று நம்மிடம் பெயரே இருக்கிறது. 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்காகச் சட்டமும் போட்டார்கள். தமிழ்நாடு அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பத் தொடங்கியபோது, அந்தத் தொடக்கமே நம் மணிமங்கலம் ஏரியில்தான் நடந்தது. ஆனால் ஒரு வருஷம் பணம் வந்து தூர் வாரினால் போதாது. மதகு யார் திறப்பது, கலங்கலில் மணல் மூட்டை யார் அடுக்கியது, வரத்துக் கால்வாயில் யார் மண் கொட்டியது என்று வருஷம் முழுவதும் பார்க்க ஊரில் ஆள் வேண்டும். ஆயக்கட்டு நிலம் மனையாக மனையாக, ஏரியைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர் எண்ணிக்கை குறைகிறது. நிலத்தை விற்றவர், விற்காத பக்கத்து வயல்காரருடைய தண்ணீருக்கும் சேர்த்து ஒரு பங்கு விற்றுவிடுகிறார். இதை நான் யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஊர்க் கூட்டத்தில் இந்தக் கணக்கும் வைக்கப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'இதெல்லாம் அவங்களுக்கு எப்படிங்க தெரியுது?' என்று கடைசியாக ஒரு சந்தேகம் வரலாம். நியாயந்தான். நல்ல ஆராய்ச்சி என்பது ஊருக்குப் போய்க் கேட்டு எழுதுவது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாம் எழுதிவரச் செய்து 1918இல் நூலாக்கினார். அதில் ஒன்று காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் தூசி கிராமம். அதே ஊர்களுக்கு 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் உடன் பணியாற்றியவர்களும் தூசியை மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரே ஊரைத் தலைமுறைக்குத் தலைமுறை பார்த்தால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்று தெரியும்.

அரசு அறிவிக்கும் நெல் விலைக்கு ஆதாரமும் இதே மாதிரிதான். 1970-71 முதல் நாடெங்கும் சாகுபடிச் செலவுத் திட்டம் நடக்கிறது. தேர்ந்தெடுத்த விவசாயிகளின் வீட்டு வரவு செலவைக் களப்பணியாளர்கள் எழுதிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் செய்கிறது. விவசாயி சொன்ன கணக்கு சரியாக இருந்தால்தான் டில்லியில் போடுகிற கணக்கு சரியாக இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்துக்குப் போகம் தனித்தனியே எழுதுங்கள். வாங்கிய உரம், கொடுத்த கூலி, மோட்டார் ஓடிய மணி, விற்ற மூட்டை, விற்ற விலை. வீட்டு ஆட்கள் செய்த வேலையையும் மறக்காமல் எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் செய்ததையும் சேர்த்து. ஏரியில் தண்ணீர் எந்தத் தேதிவரை நின்றது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மூன்று வருஷக் கணக்கு கையில் இருந்தால், தரகர் வந்து ஒரு கோடி என்று சொல்லும்போது உங்களிடமும் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கும். விலை சொல்லாமல் விட்டதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.